வரை

'நொடிக்கு இருநூறு எம்பி வரை'
என்று அச்சடித்த தாளை மேசைமேல் வைத்தான் யுவராஜ்.
கழுத்தில் கம்பெனி அட்டை,
காலரில் சங்ககிரி ரோட்டு வெயில்.

எனக்கு ரிக் வண்டி நாலு.
ஒன்று ராய்ப்பூர் பக்கம். ஒன்று கரீம்நகர்.
ஒன்று எங்கே என்று ஜிபிஎஸ் சொன்னால்தான் தெரியும்.
ஒன்று யார்டில், கம்ப்ரசர் பிரித்துப் போட்டபடி.
ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் கணக்கு வரும்:
எத்தனை அடி, எத்தனை கேசிங், எத்தனை லிட்டர் டீசல்,
கடைசியில் வீடியோ ஒன்று.
அது பாதியில் சுற்றிக்கொண்டே நிற்கும்.
குழியிலிருந்து வந்தது தண்ணியா வெறும் புகையா
தெரியாமல்
கொட்டாவியோடு அந்த வட்டத்தைப் பார்த்திருப்பேன்.

"வரைன்னா?" என்றேன்.
"அதுக்குள்ளதானுங் இருக்கும்."
"எதுக்குள்ள?"
"இருநூறுக்குள்ள."
சைபரும் இருநூறுக்குள்ளதான் தம்பி
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவன் தலைக்கு மேலே தொங்கியது
நானே பெயின்ட் பிடித்து எழுதிய பலகை:
முந்நூறு அடி வரை ஒரு ரேட்.
ஐந்நூறு வரை வேறு.
தண்ணீருக்கு நாங்கள் பொறுப்பல்ல.

நகைக்கடன் பணத்தை மடியில் கட்டிக்கொண்டு
எத்தனை பேர் அந்தப் பலகையின் கீழ் நின்றிருப்பார்கள்.
"எத்தனை அடியில வருமுங்?"
"அறுநூறு வரை பாக்கலாமுங்."
இவன் குரல் மாதிரியேதான் இருந்திருக்கும் என் குரலும்.

அவனுக்கு ஒரு டீ சொன்னேன்.

தாளைத் திருப்பினால் பொடி எழுத்து.
இறக்கும் வேகத்தில் பத்தில் ஒன்றுதான் ஏற்றும் வேகம்.
ஒரே இழையில் எத்தனை பேர் என்பதற்கு
எண்ணே போடவில்லை.
கூட்டுக் கிணற்றில்கூட முறை உண்டு,
இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு.
இதில் எல்லோரும் ஒரே பொழுதில் இறைக்கிறார்கள்.

அரசாங்க ஆபீஸில் ரெஜினா மேடம் உண்மையைச் சொன்னார்:
"லைன் நல்ல லைன்தான்.
அறுந்தால் ஏறக் கம்பமிருக்கு, ஏறத்தான் ஆளில்லை."
கம்பியே வேண்டாம், டிஷ் வைக்கிறோம் என்று வந்தவர்கள்
மொட்டைமாடியில் நின்று திரும்பிப் போனார்கள்.
குறுக்கே திருச்செங்கோட்டு மலை.
வரை என்றால் மலை என்று
எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்தது
இதற்குத்தான் போலிருக்கிறது.

கேபிள் டிவி மாதேஸ் தாள் எதுவும் தரவில்லை.
கேஸ் ரசீதின் முதுகில் நம்பரை எழுதினான்.
"இருவத்தஞ்சு தர்றனுங். இருவத்தஞ்சு வருமுங்."
"அதுக்கு மேல?"
"எங்கிட்ட இல்லீங்."

மறுநாள் காலை ஐந்தரைக்கு
மூன்று நம்பருக்கும் அடித்தேன்.
யுவராஜ் கம்பெனியில்
தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னார்கள்.
அழுத்தினேன். பாட்டுப் போட்டார்கள்.
அரசாங்க மணி
பூட்டிய அறையில் அடித்து ஓய்ந்தது.
மூன்றாவதில் வாய் நிறையப் பல்பொடி:
"ஆருங்?"
என்ன சொல்வதென்று வைத்திருக்கவில்லை.
"சும்மாதான்" என்றேன்.
துப்பும் சத்தம். குழாய்ச் சத்தம்.
"செரீங், அப்ப உங்க பேருக்கு
பில்லு எழுதிக்கிட்டுங்களா?"

ஒன்பதாம் நாள்
பிரித்த கம்ப்ரசரைப் பூட்டி முடித்து
மாஸ்ட்டைத் தூக்கிப் பார்த்தான் டிரைவர் சித்தேசு.
வேலிக் கம்பத்திலிருந்து வந்த கறுப்பு இழை
ஒட்டடை மாதிரி அதில் சிக்கிக்கொண்டு போனது.
உள்ளே, கரீம்நகர் கணக்கில்
வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

அரை மணியில் மொபெட்டில் வந்தான்,
தோளில் ஏணி.
அறுந்த முனையை அவன் பார்க்கவே இல்லை.
மாஸ்ட்டை அண்ணாந்து பார்த்துக் கேட்டான்:
"நிமுத்துனா எத்தனை அடிங்?"
சித்தேசு ஆகாயத்தில் கையால் அளந்தான்.
நான்தான் பதில் சொன்னேன்.
"முப்பது வரை."

"வரைன்னா?" என்றான் மாதேஸ்,
முதல் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு.