குறுக்கே சுருங்கும்

ஓர்வின் மாமா போன பிப்ரவரியில்
படகைத் தம்பிக்கும் கடனை வங்கிக்கும்
நாற்காலியை எனக்கும் விட்டுப் போனார்.
முதுகுச் சட்டத்தின் பின்னால் ஒரு சீட்டு:
முதல் கப்பலில் வந்தது.
போதகர் உட்கார்ந்தது.
எந்தக் கப்பல், எந்தப் போதகர் என்று
எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை.
ஒருவரும் அதில் உட்கார்ந்ததுமில்லை.

லூனன்பர்கில் பனி விட்ட செவ்வாய்க்கிழமை
மிஸஸ் கிரீசர் வந்தார்.
தேநீர் வேண்டாம் என்றார்.
கையுறையைப் பல்லால் கடித்து உருவினார்,
நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டார்,
ஹாடக் மீனைப் புரட்டி
வயிற்றைப் பார்ப்பதுபோல.

"முகம் எல்லாம் பொய் சொல்லும்.
மெழுகு பூசினால் போதுமே."

காலிப்பரைக் காலில் கவ்வக் கொடுத்தார்.
ஒருமுறை இப்படி. ஒருமுறை அப்படி.
கடைசலில் வட்டமாய்ப் பிறந்த கால்
இன்னும் வட்டமாகவே இருந்தால் இளசாம்.
முட்டையாகிப் போயிருந்தால்
கொஞ்சம் மரியாதை கொடுக்கலாமாம்.
நெடுக்கே மரம் விட்டுக்கொடுக்காது,
குறுக்கேதான் சுருங்கும்,
வருஷா வருஷம்
வட்டத்துக்கு வட்டி கட்டிக்கொண்டு.

ஒரு நகத்தின் கனம் வித்தியாசம் இருந்தது.
"ம்," என்றார்.
அந்த ம்-க்குத்தான் நான் காசு கொடுத்தேன்.

பிறகு டார்ச் விளக்கைப் படுக்கவைத்தார்.
சட்டங்களின் உள்பக்கம் நேர்நேராய்க் கீறல்:
இரண்டு பேர் மேலும் கீழும் இழுத்த வாள்.
இருக்கைப் பலகையின் அடியில் மட்டும்
வில்வில்லாய் வளைந்த கீறல்:
ஆலையின் வட்ட ரம்பம்.
"இந்தப் பலகை பேரப்பிள்ளை.
மற்றதெல்லாம் தாத்தா."
ஆணிகளிலும் அப்படியே இரண்டு சாதி.

மரம்?
"இந்தக் கரையின் பர்ச். கடலைத் தாண்டவே இல்லை."
அப்போது கப்பல் மூழ்கியது,
எங்கள் வரவேற்பறையில், சத்தமில்லாமல்.

"பக்கச் சட்டம் ஏன் இத்தனை ஆழம், தெரியுமா?"
தெரியாது.
ஆணிகளைத் தளர்த்திப் பலகையைத் தூக்கினார்.
கீழே பழைய பலகை, நடுவில் வட்ட ஓட்டை.
அதற்கும் கீழே நான்கு மரக்கட்டைகள்
எதையோ தாங்கத் தயாராய்,
இன்னும் காத்துக்கொண்டு.

"உங்கள் போதகர் உட்கார்ந்திருக்கலாம்," என்றார்.
"பெரும்பாலும் இரவில்."

நான் சிரித்தேன், கண்ணில் நீர் வர.
அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தார்:
கழிப்பு நாற்காலி, ஏறக்குறைய 1790 முதல் 1820 வரை.
இருக்கைப் பலகை பிற்காலம்.
சீட்டு மிகப் பிற்காலம், பால்பாயிண்ட்.

பால்பாயிண்ட்.
வாலைச் சுழித்த 'க' மாமாவுடையது.

மாமாவுக்குக் கடைசி நாலு மாதம்
ஆஸ்பத்திரியிலிருந்து எஃகு நாற்காலி வந்தது,
சக்கரம் வைத்தது, நடுவில் ஓட்டை வைத்தது.
யார் படியேறினாலும் அதன்மேல்
கட்டம்போட்ட போர்வையை இழுத்துவிடுவார்.
ஒருநாள் என்னைக் கண்டு அவசரத்தில்
போர்வையோடு தானும் சரிந்தார்.
தூக்கி உட்காரவைத்தேன்.
இருவரும் ஜன்னல் வழியே
துறைமுகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

அவருக்குத் தெரிந்திருக்குமோ?
தெரிந்துதான் ஒரு போதகரைக் கொண்டுவந்து
ஓட்டைமேல் உட்காரவைத்தாரோ?
காலிப்பர் இதற்குக் கவ்வாது.

மிஸஸ் கிரீசர் ஆணிகளை அதே துளைகளில்
அதே வரிசையில் திருப்பி இறக்கினார்.
சீட்டைக் கிழிக்கவா என்றேன்.
"அதுவும் ஒரு பாகம்தான்," என்றார்,
கார்ச் சாவியைத் தேடிக்கொண்டே.

இரவு தம்பி கூப்பிட்டான்.
எவ்வளவு தேறும்?
சொன்னேன்.
அவ்வளவுதானா? கப்பல்?
கப்பல் இல்லை.
போதகர்?
பின்னணியில் அவன் வீட்டு நாய் குரைத்தது.
மாமாவின் நாய், இப்போது அவனுடையது.

என்ன, கிறீச் கிறீச்சென்று சத்தம்?
நின்றுகொண்டா பேசுகிறாய்?

இல்லை என்றேன்.