குடிக்கக்கூடிய தண்ணீர்

கொங்கிறீற்றுக் குழைக்கும் தண்ணீர்
மனிதர் குடிக்கக்கூடியதாக இருக்கவேண்டும்.
முதலாம் வருடத்தில் இதை எழுதிப் புள்ளி வாங்கியவள் நான்.
எழுவைதீவு இறங்குதுறையில்
அந்த வரி பல்லிடுக்கில் மண்ணாய் நெறுநெறுத்தது.

பவுசர் படகு செவ்வாயும் வெள்ளியும்.
வீட்டுக்கு நாலு கான்.
அலைதடுப்புக் கட்டை ஒன்றுக்கு ஏழு கான்.
கணக்குப் போட்ட கொப்பியை
ஒருவருக்கும் காட்டாமல் மூடினேன்.

ஆகவே கடலுக்குள் வாளியை விட்டோம்.

"மிஸ், உங்களுக்கு விசரோ?"
மேசன் றொபேட் சாந்தகப்பையைக்
கும்பி மணலில் குத்தி நிறுத்தினார்.
சீமெந்து தடைசெய்த சாமானாய் இருந்த நாளில்
ஒரு பை, மீன்பெட்டிகளுக்கு அடியில்
ஈரமாகாமல் வந்து சேர்ந்ததாம்.
கழுவாத கடல்மண்ணில் அதைக் குழைத்து
மச்சாளின் குசினிக்கு பிளாற் போட்டாராம்.
பத்து வருடத்தில் கம்பி ஊதி
ஒரு மத்தியானம் முழுசாய் இறங்கியது.
அடுப்படியில் அப்போது ஆளில்லை.
"இல்லாதபடியால்தான்
மச்சாள் இப்பவும் என்னோட கதைக்கிறா."

இதில் கம்பி இல்லை என்றேன்.
வெறும் கட்டை.
தின்ன ஒன்றுமில்லாவிட்டால் உப்பு என்ன செய்யும்?
அவர் என் முகத்தைப் பார்த்தார்,
உப்பின் பசி பற்றி உனக்கென்ன தெரியும் என்பதுபோல்.

பையைப் பிரிக்க இன்னொரு கரைச்சல்.
சாம்பல் நிறமில்லை. மங்கிய சிவப்பு.
சுட்ட களி, சுண்ணாம்புக்கல் மா,
கிளிங்கர் பாதிதான், சூளைப்புகையும் குறைவு
என்று நான் தொடங்க,
சல்லி சுமக்கும் ஜெசிந்தா ஒரு கிள்ளு எடுத்து
விரலில் தேய்த்து மணந்து பார்த்தாள்.
"வறுத்த அரிசிமா மாதிரிக் கிடக்கு.
பிட்டுக்கும் உப்புத்தண்ணிதானே விடுறது,
குழையுங்கோவன்."
அதற்குப் பிறகுதான் றொபேட் குழைத்தார்.
என் பட்டத்துக்காக இல்லை.

இந்தக் குடாநாடே சுண்ணாம்புக்கல்,
ஒருகாலம் கடலடியில்
ஓடும் சிப்பியுமாய்ச் செத்துக் குவிந்தது,
அதைத் திரும்பவும் கடலோடு
என்று அழகாய் ஒரு வசனம் வாய்வரை வந்தது.
அதற்குள் கலவை இறுகத் தொடங்கிவிட்டது.
உப்புக்குப் பொறுமை குறைவு.
"கதைச்சது காணும் மிஸ். அச்சைத் தட்டுங்கோ."

சோதனைக்குப் பன்னிரண்டு கட்டிகள்.
ஆறு கடல், ஆறு பவுசர்.
தொண்ணூற்றாறு கிலோவையும்
வள்ளத்தில் ஏற்றி, ஊர்காவற்றுறையில் இறக்கி,
பஸ்ஸில் ஏற்றினேன்.
கொண்டக்டர் பையை அசைத்துப் பார்த்துவிட்டு,
"என்னக்கா இது?"
"கட்டி. மெசினில வைச்சு உடைக்கப்போறன்."
"உடைக்கவோ வார்த்தனீங்கள்?"
மூன்று பேரின் காசு எடுத்தான்.

ஏழாம் நாள்:
கடல் இருபத்துநாலு, பவுசர் இருபத்தொன்று.
தொலைபேசியில் றொபேட்டின் சிரிப்பை
காதிலிருந்து தள்ளிப் பிடிக்கவேண்டியிருந்தது.
இருபத்தெட்டாம் நாள்:
பவுசர் முப்பத்துமூன்று, கடல் முப்பத்தொன்று.
"ரண்டு குறைவோ?"
"ரண்டு குறைவு. எங்களுக்குத் தேவை இருபத்தைஞ்சு."
"முப்பது வரியம் போக?"
மெசினுக்குத் தெரியாது.
எனக்கும்.
முப்பது வருடம் கடலில் கிடந்த கட்டி
என் மேசையில் ஒன்றுகூட இல்லை.

அந்த வெள்ளி பவுசர் படகு வந்தது.
வேலைக்கென்று பழைய பட்டியலில் இருந்த ஏழு கான்
இறங்குதுறை வெயிலில் நின்றன,
யாருடையது என்று யாருக்கும் சொல்லத் தெரியாமல்.
ஜெசிந்தா இரண்டைத் தூக்கினாள்.
நான் அக்கறையாய்க் கடலைப் பார்த்தேன்.
றொபேட் ஒன்றைத் திறந்து
முழங்கைவரை, விரலிடுக்கு விரலிடுக்காய்
சாந்து போகக் கழுவினார்.
போனபிறகு, சும்மா, இன்னொருக்கா கழுவினார்.
பிறகு கையேந்தி ஒரு மிடறு குடித்து
நாக்கைச் சப்பிக்கொண்டு நின்றார்.

"பவுசரும் உப்புத்தான் மிஸ்."