நிறுவத் தேவையில்லை

புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கினேன்.
ஆயிரத்தைந்நூறு சொன்னான், ஆயிரத்து நூறுக்குத் தந்தான்.
பெருவிரல் நகமளவு பென் ட்ரைவ். கறுப்பு.
வீட்டில் அதற்கு இடம் தேட ஒரு கிழமை பிடித்தது.
அரிசி வாளியைக் கிளறுவார், கைப்பையைக் கொட்டுவார்,
என் போனின் நாலு இலக்கமும் என்னைவிட அவருக்குத்தான் பாடம்.
கடைசியில் மாதவிலக்குப் பஞ்சுப் பக்கற்றுக்குள்.
பதினோரு வருடத்தில்
அவர் விரல் படாத ஒரே இடம்.

வியாழக்கிழமைகளில்
மீன் வாங்கவென்று இறங்கி
காலி வீதியைக் கடந்து
ஹம்டன் லேன் கொமியூனிகேஷனுக்குள் நுழைவேன்.
நாலாம் மேசை. ஃபேன் காற்று அங்கே எட்டாது.
செருகுவேன்.
உலாவி, கடிதப்பெட்டி, கடவுச்சொற்களின் பேழை
எல்லாம் அதற்குள்ளேயே,
அடுப்பும் சட்டியுமாய் யாத்திரை போகிறவர்கள் மாதிரி.
அந்த மெஷினில் எதையும் நிறுவத் தேவையில்லை. ஓடும்.
கழற்றினால், நான் வந்த தடமும் இல்லை.

நிறுவத் தேவையில்லை!
வீட்டில் எல்லாவற்றையும் நிறுவ வேண்டும்.
பஸ் பிந்தியதை டிக்கெற்றால்,
தங்கச்சியோடுதான் கதைத்தேன் என்பதைத் தங்கச்சியால்,
தலையிடியை
தலையால்.

விசைப்பலகையும் ஒட்டுக்கேட்குமாம், எங்கோ வாசித்தேன்.
அதனால் கடவுச்சொல்லைத் திரையிலேயே
எழுத்தெழுத்தாய்ச் சுட்டியால் குத்துவேன்.
முப்பத்தொரு எழுத்து,
நடுவில் செத்துப்போன பூனையின் பெயர்.
உள்ளே இருப்பது அதிகமில்லை.
ஒரு சட்டத்தரணியின் இரண்டு பதில்,
காயங்களின் திகதிகள்,
ஐந்நூறு ஐந்நூறாய் ஏறும் ஒரு கணக்கு,
தெஹிவளையில் ஓர் அறையின் படம்.
சன்னலுக்குத் திரைச்சீலை இல்லை அதில்.

போன வியாழன் கடல் பக்கம் இருட்டிக்கொண்டு வர
ஓடிவந்துவிட்டேன்.
சூரை கழுவும்போதுதான் விளங்கியது:
அது இன்னும் நாலாம் மேசையில்
பச்சையாய்க் கண்சிமிட்டிக்கொண்டு.
அன்றிரவு குழம்பில் உப்பில்லை.
அதற்கும் காரணம் நிறுவ வேண்டியிருந்தது.

மறுநாள் வெள்ளி. கோயிலுக்கென்று இறங்கினேன்.
அஸ்மீர் கல்லாவுக்குப் பின்னாலிருந்து
ரீலோட் அட்டையொன்றால் மூடி நகர்த்தினான்.
'நான் தொறக்கல்ல அக்கா.'
நான் ஒன்றும் சொல்லவில்லை.
மிச்சக் காசை எண்ணியபடி, நிமிராமல்:
'ரெண்டு தடவதான் பாத்த. நல்ல பூட்டு.'

சிரிப்பு வந்தது. கோபம்
மெல்லப் பின்னால் வந்தது.
நாலாம் மேசையில் போயிருந்து கடவுச்சொல்லை மாற்றினேன்.
பூனை போய்விட்டது. அதன் இடத்தில் என்ன வந்ததென்று
இங்கே எழுதமாட்டேன்.

எழும்பும்போது திரை மூலையில் சின்ன எழுத்தில்
'இனிப் பாதுகாப்பாகக் கழற்றலாம்' என்றது.
கை தானாகக் கழுத்துக் கொடிக்குப் போனது.
பிளக்கில் கிடந்ததை மட்டும்
அன்றைக்குக் கழற்றினேன்.

பிறகு கோயிலுக்கும் போனேன்.
நெற்றியில் திருநீறு வேண்டுமே,
நிறுவ.