மற்றவை: 99

காலை ஆறே முக்காலுக்குச் சேலத்தில் ஏறினால்
இருபது கொண்டை ஊசி வளைவு,
அதற்கு மேல் ஜீப்,
ஜீப் வராத நாளில் என் கால்.
வாரத்தில் இரண்டு நாள் மலை. பதினோரு பள்ளி.
தொகுப்பூதியத்தில் இதற்குச் சிறப்பாசிரியர் என்று பெயர்.

நவம்பர். காப்பிப் பழம் பறிக்கிறார்கள்.
சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி நனைந்து தொங்குகிறது.
தலைமையாசிரியர் அருமைக்கண்ணு
வாசலிலேயே கோப்பைப் பிரித்துவிட்டார்:
'எத்வாரி டோப்போ. வயது ஏழு.
பதிவேட்டில் எட்டுவாரி என்று விழுந்துவிட்டது.
ஜார்க்கண்ட். எஸ்டேட் லைன், மூணாம் நம்பர்.
ஜூலையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை.
பேச்சுக் குறைபாடு என்று போட்டிருக்கிறேன் மேடம்.
போட்டால்தானே நீங்கள் வருவீர்கள்.'

அவர் பொய்யர் இல்லை.
இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு,
முட்டைக் கணக்கும் அவர்தான்.
மேலே எழுதிக் கேட்டிருக்கிறார்:
அந்த மொழிக்கு ஆள் உண்டா, ஒரு புத்தகமாவது உண்டா.
பதில் வந்தது.
தாய்மொழிக் கட்டத்தில் 99 இடவும்.
99 என்றால் மற்றவை.

'சத்தமே வராதா சார்?'
'அம்மா, அம்மா என்று முனகுவாள்.
அம்மா தோட்டத்தில் இருக்கிறாள், சாயங்காலம் வந்துவிடுவாள் என்று
மிட்டாய் கொடுப்போம்.'

உடலுறுப்புப் படத்தை விரித்தேன்.
கண்ணைத் தொட்டேன். படத்தின் கண்ணை அவள் நம்பவில்லை.
என் கண்ணைத் தொட்டேன்.
தொண்டையில் பனி உரசிய மாதிரி ஒரு மூச்சு,
அதன்மேல் ஏறி வந்தது: 'கன்'.
பல்லைத் தொட்டேன்.
'பல்.'
மறுபடி தொட்டேன்.
இவளுக்கு எப்படித் தெரியவில்லை, சொல்கிறேனே என்பதுபோல்
'பல்.'
வாய்?
'பை.'
பாயின் கடைசியில் சேர்வராயன் சிரித்தான்,
தோளில் மாட்டுறதா டீச்சர்?

குறித்துக்கொள்ளப் பார்த்தேன்.
அந்தக் கண்ணின் முதல் மூச்சுக்கு எழுத்து அகப்படவில்லை.
சுவரில் உயிர் வரிசை முடிந்த இடத்தில்
எஃகு, அஃது என்று ஆண்டுக்கு இருமுறை கூப்பிடப்பட்டு
மற்ற நாளெல்லாம் சும்மா இருக்கும் மூன்று புள்ளி.
இறக்கி வைத்தேன்: ஃகன்.
உட்கார்ந்துகொண்டது.

தொண்டை வறண்டது. பாட்டிலைத் திறந்தேன்.
அவள் கை நீண்டது.
'அம்ம்.'

அம்மா இல்லை.
அம்ம்.
கல்லூரியில் நிகண்டுப் பாடத்தில்
ஒரு மதிப்பெண்ணுக்குப் படித்து மறந்தது:
அம், நீர்.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர்.
பாட்டில் காலியாகும் வரை குடித்தாள்.
'நாங்கள் மிட்டாய் கொடுத்தோம்'
என்றார் அருமைக்கண்ணு, ஜன்னலிடம்.

படிவம் எளிது.
குறைபாடு: உண்டு, இல்லை.
உண்டு என்றால் அட்டை, உதவித்தொகை, நான்.
இல்லை என்றால் கோப்பு மூடும்,
என் பேருந்து வேறு மலை ஏறும்.
நடுவில் கட்டம் கிடையாது.

குகையில் எங்கள் வீட்டில் கன்னடம்.
ஒன்றாம் வகுப்பு வாசலில்
செருப்போடு சேர்த்து அதையும் விட்டேன்.
யாரும் திருடவில்லை.
பத்தாவது முடித்து வந்து பார்த்தேன்,
அப்படியே இருந்தது,
என் காலுக்குத்தான் சேரவில்லை.

இரண்டு கட்டத்தையும் காலியாக விட்டுக்
குறிப்புரையில் எழுதினேன்:
மதிப்பீடு முடியவில்லை.
வரும் செவ்வாய் தொடரும்.
கொஞ்சம் யோசித்து, அதற்கடுத்த செவ்வாயும்.
எட்டுவாரியில் ஒரு கோடு போட்டு எத்வாரி ஆக்கினேன்.
அதற்கு அனுமதி உண்டா என்று தெரியாது.

ஜீப் கிளம்பும்போது சேர்வராயன் ஓடிவந்தான்.
'முடிக்கு அவ என்ன சொல்லுவா டீச்சர்?'
அவளையே கேளேன் என்றேன்.
திரும்பி ஓடினான் பனிக்குள்,
கேள்வி விழுந்துவிடாமல்
தன் தலைமுடியைத் தானே பிடித்துக்கொண்டு.