வெயில் குடித்த வலது கால்

பொன்ஜெபாவின் ரிசப்ஷனுக்கு
எல்லாரும் மயில்நீலம் என்று முடிவாகிவிட்டது.
சேலை எங்கள் கடையிலேயே கிடைத்தது,
சம்பளத்தில் மூன்று மாதம் பிடிப்பார்கள்.
வளையல் செய்யதலி பாத்திமாவுடையது.
கால்தான் மிச்சம்.

காலையில் செருப்பைக் கழற்றி
மாடிப்படிக்கு அடியில் போட்டால்
இரவு ஒன்பதரைக்குத்தான் அதன் ஞாபகம் வரும்.
அதுவரை வெள்ளை மெத்தையின் ஓரத்தில்
வெறுங்காலோடு நின்று
அடுத்தவர்களுக்குப் பளபளப்பை விரித்துக் காட்டுகிறவள் நான்.

கையில் ஐந்நூறு.
அன்பளிப்புப் பங்கு நூறு.
பஸ்ஸுக்குக் காசில்லை,
பிங்க் பஸ் வரும்வரை நிற்கத் தெரிய வேண்டும்,
நிற்க எனக்குத் தெரியும்.

வண்ணாரப்பேட்டையில் முதல் கடை.
ஏசி. காலில் மாட்டிவிட ஒரு பையன்.
அவன் குனிந்ததும் கூசியது.
ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது.
"கலர் பிடிக்கல" என்று எழுந்தோம்.
எங்கள் கடையில் தினம் நாற்பது பேர்
அதையே சொல்லி எழுந்து போகிறார்கள்.
அது எந்தக் கலர் என்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஜங்ஷனில் ஈரடுக்குப் பாலத்துக்குக் கீழே
பிளாட்பாரத்தில் நூற்றைம்பது.
எடுத்துப் பார்த்த நேரத்துக்குள்
மினுக்கு முழுக்க விரலுக்கு வந்துவிட்டது.
"மினுக்க மட்டும் வாங்கிட்டுச்
செருப்ப இங்கனயே போட்டுட்டுப் போயிரலாம்ட்டி"
என்றாள் பாத்திமா.

அப்புறம் டவுன். ரத வீதியை ஒட்டிய சந்தில்
மேற்குப் பார்த்த கடை.
கண்ணாடிப் பெட்டிக்குள் ஒற்றைச் செருப்பு,
வலது கால்,
குதிகால் இரண்டங்குலம், வார் முழுக்கக் கல்,
கல்லைச் சுற்றிப் பொன்பொடி.
மைதீன் பிச்சை உள்ளே போய்
அட்டைப்பெட்டியைத் தூசி தட்டி
இடதைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.
அக்காளும் தங்கையும் மாதிரி இருந்தது,
ஒருத்தி வயல்வேலைக்குப் போனவள்.

"ரெண்டு கோடையா ஷோகேஸ்ல இருக்கு.
நம்ம ஊரு வெயிலு
தங்கத்தையே வெளுத்துரும்லா."
எழுநூற்றைம்பது.

"பாதிதான் புதுசு அண்ணாச்சி,
பாதி வெலை போடுங்க.
கல்லு வேற உதிருது, பாருங்க."
கல் தானாக உதிரவில்லை.
என் கட்டைவிரல் நகம் கொஞ்சம் உதவியது.
அவர் கல்லைப் பார்த்தார். நகத்தைப் பார்த்தார்.
முந்நூற்று எண்பது.
மிச்ச இருபதுக்கு
ஒரு நன்னாரி சர்பத், இரண்டு ஸ்ட்ரா.

பாளையங்கோட்டை ஹாலில்
சீரியல் பல்பு சிவப்பும் பச்சையுமாக மாறிக்கொண்டிருந்தது.
அந்த வெளிச்சத்தில்
எந்தக் காலும் எந்தக் கலரிலும் இல்லை.
ஆனாலும் விடிய விடிய நினைத்து வைத்திருந்தபடி
வலது காலை இடதுக்குப் பின்னால் ஒளித்தே நின்றேன்,
கேக் வெட்டும்போதும், போட்டோவுக்கும்.
மேடையில் பொன்ஜெபா காதில் சொன்னாள்:
"நான் எப்பவோ கழத்திப் போட்டுட்டேன்.
சோபாவுக்கு அடில கெடக்கு.
நம்ம காலுக்கு இதெல்லாம் ஒத்துவரலட்டி."
வெள்ளைச் சேலைக்குக் கீழே
அவளுடைய பத்து விரலும்
கடையில் நிற்கிற மாதிரியே நின்றன.

திங்கட்கிழமை.
பிரித்துப் போட்ட இருபதாவது சேலையைத்
திருச்செந்தூர் பக்கத்து அக்கா ஒருத்தி
வெளிச்சத்துக்குத் தூக்கினாள்.
"என்னம்மா, பொடி உதிருதே?"

மெத்தை விரிப்பில்
நான் நின்ற இடத்திலெல்லாம்
பொன்பொடி.
இரண்டு தரம் தேய்த்துக் குளித்தும்
குதிகால் வெடிப்புக்குள் தங்கியிருந்தது.

அவள் நகம் முந்தானை ஓரத்தில்
எதையோ தேடிக்கொண்டிருந்தது.
"கொறச்சுப் போடச் சொல்லு."

"மேனேஜர்ட்ட கேட்டுட்டு வாறேங்க்கா."

கேட்கப் போனேன்,
மெத்தையின் நீளத்துக்கும்,
வலது காலை முன்னால் வைத்து.