அறுபது கிராம்

மதுரையில் வயிற்றை வெட்டித் தைத்து அனுப்பி
நாலு மாதமாகிறது.
ஒரு வாழைக்காய் அளவு மிச்சம் இருக்கிறதாம்.
"மொந்தன் காயா, பூவன் பிஞ்சா?" என்றேன்.
டாக்டர் சிரிக்கவில்லை.

தாளில் எழுதிக் கொடுத்த பெண்ணுக்கு
என் மகள் வயசு.
தினம் அறுபது கிராம் புரதம்.
மென்று மென்று, கூழானபிறகு விழுங்கணும்.
"சமைக்கத் தெரியுமா சார்?"

தொண்டி முதல் ஏர்வாடி வரை
கல்யாணம், கந்தூரி, காதுகுத்து,
நாற்பது படி அரிசியை ஒரே தம்மில் இறக்கியவன் நான்.
தெரியும்மா என்றேன்.
"அடுப்புப் பக்கம் போகாமல்?"

அது தெரியாது.

கீழக்கரைக்குத் திரும்பிய மறுநாள்
பக்கத்து வீட்டில் வெங்காயம் வதங்கியது.
என் வாய்க்குள் உப்புத் தண்ணீர் ஏறிற்று.
முப்பது வருசம்
அந்த வாசத்தில்தான் குளித்தேன், தூங்கினேன்,
ஜெய்னம்புவைக் கட்டியதும் அதே வாசத்தோடுதான்.
இப்போது ஜன்னலைச் சாத்துகிறேன்.

பட்டை கிராம்பு முடியும் வெள்ளைத் துணியில்
தயிரை ஊற்றிக் கட்டி
குழாயில் தொங்கவிட்டேன்.
ராத்திரி முழுக்கச் சொட்டியது.
காலையில் மூன்று கரண்டி,
வெண்ணெய் மாதிரி கெட்டியாய்.
மேலே மாசி.
கட்டை போல் காய்ந்த துண்டைக்
கத்தியால் சீவச் சீவ
தச்சன் பட்டறைத் தூள் போல விழும்.
நெருப்பே படாதது என்று சொல்லமாட்டேன்;
யாரோ எங்கோ அவித்து, புகையில் போட்டு,
வெயிலிலும் காயவைத்து முடித்துவிட்டார்கள்.
என் பங்குக்கு வேலை இல்லை, அவ்வளவுதான்.

மத்தியானம் பொட்டுக்கடலை மாவு, மோரில்.
சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்
அவித்த முட்டை.
வெள்ளை எனக்கு.
மஞ்சள், கடைக்காரன் பூனைக்கு.
என் எடை அதற்கு ஏறுகிறது.

சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது,
அரை மணி நேரம் கழித்துத்தான்.
வாசலுக்கு எதிரே கடல்.
எட்டிப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொள்வது
இந்த ஊர்க்காரனுக்குப் பழக்கம்தானே.

சீனி உதுமான் வந்து கூப்பிட்டான்.
அவன் தனியாக இறக்கும் முதல் கல்யாணம்.
"உப்பு மட்டும் பார்த்துட்டுப் போங்க காக்கா."
மூச்சைப் பிடித்துக்கொண்டு தேக்சா பக்கம் போனேன்.
நாக்கில் வைக்கவில்லை.
மூடியின் விளிம்பில் கொதி தட்டும் சத்தம் கேட்டு
"அரைக்கை போடு" என்றேன்.
போட்டான்.
சரியாக இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

விடவில்லை, சஹனில் உட்காரவைத்துவிட்டார்கள்.
நாலு பேர், ஒரு தட்டு,
நடுவில் கறி குன்று போல.
நான் மடியிலிருந்து டப்பாவை எடுத்தேன்.
"அது என்ன?" என்றார் எதிரில் இருந்தவர்,
பெரியபட்டினத்துச் சம்மந்தி.
பதில் சொல்வதற்குள் ஒரு விரல் வந்தது.
பிறகு இன்னொன்று.
சஹனில் வைத்தது எல்லாருக்கும்தானே,
எப்படிச் சொல்வேன்,
இது எண்ணி வைத்த சோறு என்று?
"மாசி போட்டிருக்கு, மாசி!"
பக்கத்துத் தட்டிலிருந்தும் கை நீண்டது.
டப்பாவின் அடி தெரிந்தது.
என் கையில்
அவர்கள் ஊட்டிவிட வந்த ஒரு கறித்துண்டு.
அதை நூறு தடவை மென்றேன்.
பேச்சு முடிந்தும் மென்றுகொண்டிருந்தேன்.

ராத்திரி கணக்குப் பார்த்தால்
பதினாலு கிராம் குறைகிறது.
விளக்குப் போடவில்லை.
பால் பவுடர், ஆறிய தண்ணீர், சின்ன டம்ளர்.
துடுப்புப் போட்டுக் கிளறிய கைக்கு
ஸ்பூனைச் சத்தமில்லாமல் சுற்ற வரவில்லை.
ஜெய்னம்பு விழித்துக்கொண்டாள்.

"கட்டி விழுந்திருக்கா?"

"ரெண்டு."