எடை

லாப்ரடார் படகுத்துறை. பிற்பகல் மூன்று.
தடுப்புக் கம்பியில் பதினான்கு கோல்கள் சாய்ந்திருக்கின்றன.
எண்ணியது நானில்லை, பூன் ஹெங்.
ஆள் கூடினால் மீன் குறையும் என்பது அவர் கணக்கு.

வாளிக்குள் காற்றுக்குழாய் குமிழியிட
இறால்கள் இன்னும் உயிரோடிருக்கின்றன.
கொம்புக்கு அடியில், அந்தக் கறுப்புப் புள்ளியைத் தொடாமல்
முள்ளை நுழைக்க வேண்டும். தொட்டால் போயிற்று.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கோர்க்கிறேன்.
நாற்பத்து நான்கு வயதில்
கிட்டத்தில் இருப்பதுதான் தெரிய மறுக்கிறது.

மேற்கே என் வேலை நின்றுகொண்டிருக்கிறது:
பாசிர் பாஞ்சாங்கின் பாரந்தூக்கிகள்,
கழுத்தைத் தாழ்த்தியவை சில, நிமிர்த்தியவை சில.
அவற்றில் ஒன்றின் தொண்டைக்குள்
இன்றிரவு ஏழு மணிக்கு ஏறி உட்காருவேன்.
காலடியில் கண்ணாடித் தரை, அதற்குக் கீழே கப்பலின் வயிறு.
இரும்புப் பெட்டி மேலே வரும்போது
விரலுக்கு ஒன்றும் தெரியாது.
திரை சொல்லும்: முப்பத்தொரு டன்.
உள்ளே சலவை இயந்திரமா, பொம்மையா,
யாரோ வீடு மாறுகிறார்களா,
திரை சொல்லாது.
பதினோரு ஆண்டுகளாக நான் தூக்கியதில்
ஒன்றின் கனத்தைக்கூட என் கை அறியாது.

அதனால்தான் தூண்டில் பிடித்தேன் என்று சொன்னால்
அழகாகத்தான் இருக்கும்.
உண்மையில், பகலில் தூங்குகிறவள் நான்;
வீட்டில் குளிர்சாதனம் பழுதான வாரத்தில்
போக வேறு இடமில்லாமல் இங்கே வந்தேன்.

முதலில் ஒரு பேத்தை.
வயிறு உப்பி, பல்லைக் கடித்து,
என் நரம்பில் ஒரு முழத்தைத் தின்றுவிட்டு
கடலுக்கே திரும்பியது.
பிறகு ஒரு மணி நேரம் வெயில் மட்டும்.

நாலேகாலுக்குக் கோல்நுனி மணி கிலுகிலுத்தது.
நரம்பு ஓடியது. நின்றது.
அப்புறம் ஒன்றுமேயில்லை, கடல் கையை மூடிக்கொண்டதுபோல.
"பாரி," என்றார் ரோஸ்னா, எட்டிப் பார்த்து.
மலாயில் அது திருக்கை.
எனக்கோ முல்லைக்குத் தேரைக் கொடுத்தவன்
ஒரு கணம் வந்து போனான்.
இது எதையும் கொடுக்கிற பாரியாகத் தெரியவில்லை.

அடித்தரையில் ஒட்டிக்கொண்டு
அத்தனை சேற்றையும் தன் எடையாக்கிக் கிடக்கிறது.
இழுத்தால் நரம்புதான் அறும்.
"சுண்டு," என்றார் பூன் ஹெங்.
"அதற்கு எரிச்சல் வர வேண்டும். அதுவரை சுண்டு."

இறுக்கிப் பிடித்துச் சுண்டினேன்.
டொய்ங்.
அறுபது மீட்டருக்கு அப்பால், இருட்டில்,
ஓர் உயிர் அதைக் கேட்டது. கேட்டும் அசையவில்லை.
டொய்ங்.
கோப்பி ஆறியது. ஒரு டேங்கர் கடந்துபோனது,
அதன் அலை வந்து தூண்களில் நொறுங்கியது.
நடுவில் ஒரே ஒருமுறை
சுட்டுவிரல் நுனியில் ஓர் அரிசியளவு கனம்.
செவுள் திறந்து மூடியதா, நீரோட்டமா, தெரியாது.
ரோஸ்னா ஏதோ கேட்டார்.
நான் பதில் சொல்லவில்லை.

ஐந்தரை.
இப்போது கிளம்பினால்தான் வாயிலில் அட்டையைத் தட்ட முடியும்.
வெட்டிவிடலாம். கத்தி பையில் இருந்தது.
"வாலா, இங்கே கொடு."
வளர்மதியை அவர் முழுசாகச் சொன்னதே இல்லை.
என் விரல் இருந்த இடத்திலேயே
தன் விரலை அழுத்தி வைத்தார்.
பிறகுதான் நான் எடுத்தேன்.

எட்டு நாற்பது. தரையிலிருந்து நாற்பது மீட்டர்.
கைப்பேசி கீழே, பூட்டிய அலமாரியில்.
கிழக்கே, கரை இருட்டாகும் இடத்தில்
படகுத்துறை ஒரு தீக்குச்சி.
அதன் முனையில் தலைவிளக்குகள்,
ஐந்தோ ஆறோ,
ஒரே இடத்தில் குவிந்திருந்தன.
ஒன்று குனிந்தது. மற்றவையும் குனிந்தன.

பெட்டியின் நான்கு மூலைகளும் பூட்டிக்கொண்டன.
திரை: இருபத்தாறு புள்ளி நான்கு.
நெம்புகோலிலிருந்து சுட்டுவிரலை மட்டும் உயர்த்தி
காற்றில் ஒருமுறை சுண்டினேன்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" வானொலியில் கீழிருந்து குரல்.
"காத்து," என்றேன்.